ஒயின் பீப்பாய் கண்ட ரை விஸ்கி: சுவைப்பதும் விலையை எடைபோடுவதும்

அமெரிக்கச் சட்டப்படி ஒரு மது ரை விஸ்கி என்று பெயர் பெற, அதன் தானியக் கலவையில் குறைந்தது 51 விழுக்காடு ரை என்ற தானியம் இருக்க வேண்டும். வடித்தெடுத்த பின், உட்புறம் கரியாகும்படி தீயில் வாட்டிய புதிய ஓக் மரப் பீப்பாயில் அது முதிர வேண்டும். அவ்வாறு முதிர்ந்ததை, முன்பு போர்ட், மதீரா, சோட்டர்ன் போன்ற ஒயின்கள் இருந்த பீப்பாய்க்கு மாற்றிச் சில காலம் வைத்திருந்து புட்டியில் அடைத்தால், விலை கணிசமாக ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்துக்கு ஈடாகக் கோப்பையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க, நான் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: ஒயின் வந்து சேர்ந்த பிறகும் ரை ரையாகவே தெரிய வேண்டும்.

முதலில் லேபிளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். 'ஸ்ட்ரெய்ட் ரை' என்ற சொல் இருந்தால், இரண்டாம் பீப்பாய்க்குப் போகும் முன்பே அந்த விஸ்கி புதிய ஓக்கில் குறைந்தது 2 ஆண்டுகள் இருந்தது என்று கொள்ளலாம். அடுத்துப் பார்க்க வேண்டியது, அது எந்த மாநிலத்தில் வடிக்கப்பட்டது என்பது. பெயர் பெற்ற நிறுவனங்கள் பலவும், இண்டியானா மாநிலத்து லாரன்ஸ்பர்க் ஆலையில் 95 விழுக்காடு ரையும் 5 விழுக்காடு மால்ட் (முளைகட்டி உலர்த்திய) பார்லியும் கொண்டு வடித்த விஸ்கியை வாங்கித் தம் பெயரில் விற்று வந்திருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நல்ல சரக்குதான்; ஆனால் அதே சரக்கு, ஒயின் பீப்பாயைப் பார்க்காமல், வேறொரு பெயரில் மலிவாகவும் கிடைக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

சுவைப்பதற்கு, வாய் குறுகி அடி அகன்ற கிளென்கெய்ர்ன் வகைக் கோப்பை இரண்டு போதும். ஒன்றில் சோதிக்க வேண்டிய விஸ்கியையும், மற்றொன்றில் ஒயின் பீப்பாய்க்குப் போகாத சாதாரண ரை விஸ்கியையும் 30 மில்லி வீதம் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிட வேண்டும். இந்த இரண்டாவது கோப்பை இல்லாமல் தீர்ப்புச் சொல்வது வீண் வேலை, ஏனென்றால் இனிப்பு எதையும் நல்லதாகக் காட்டிவிடும். காரசாரமாகச் சாப்பிட்ட உடனேயோ காபி குடித்த கையோடோ இதில் இறங்க வேண்டாம்.

நிறத்தைக் கண்டு மயங்கத் தேவையில்லை. போர்ட் பீப்பாய் செம்மை தரும், அவ்வளவே. மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி விளிம்புக்கு மேலே முகர்ந்தால், மதுவின் எரிச்சல் குறைந்து வாசனை பிரிந்து தெரியும். ரையின் வாசனை மிளகு, கிராம்பு, புதினா, சில வேளை சோம்பு. புதிய ஓக்கிலிருந்து வெனிலாவும் காய்ச்சிய சர்க்கரையும் வரும். இவற்றுக்கு மேல் போர்ட் என்றால் உலர்திராட்சையும் பிளம் பழமும், மதீரா என்றால் வறுத்த கொட்டையும் ஒரு புளிப்பும், சோட்டர்ன் என்றால் தேனும் ஆப்ரிகாட்டும் சேர வேண்டும். ஒரு மிடறை நாக்கு முழுவதும் படரவிட்டு விழுங்கிய பின், எது முதலில் வந்தது, எது கடைசியில் தங்கியது என்று கவனிக்க வேண்டும். பழம் முன்னே வந்து, நடுவில் மசாலா எழும்பி, தொண்டையில் மிளகின் காரம் நின்றால் இரண்டும் இணங்கியிருக்கின்றன என்று பொருள். தொடக்கம் முதல் முடிவு வரை ஜாம் சுவையே நீடித்தால், சுமாரான விஸ்கியின் மேல் இனிப்பைப் பூசியிருக்கிறார்கள் என்றே நான் கருதுவேன். ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு, அளவுக்கு மீறி ஊறியதன் அடையாளம். தீக்குச்சி உரசியது போன்ற வாடை அடித்தால், காலிப் பீப்பாய் கெடாமலிருக்க ஒயின்காரர்கள் உள்ளே எரிக்கும் கந்தகத்தின் மிச்சம் அது.

பிறகு அரைத் தேக்கரண்டி நீர் விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். மது அளவு 49.3 விழுக்காடாக உள்ள விஸ்கி 30 மில்லியில் இவ்வளவு நீர் சேர்ந்தால் அது சுமார் 45.5க்கு இறங்கும். நல்ல விஸ்கி இதில் விரியும். பூச்சு மட்டும் உள்ளது இங்கே வெளுத்துவிடும்.

இனி விலை. யூட்டா மாநிலத்து ஹை வெஸ்ட் நிறுவனத்தின் 'எ மிட்விண்டர் நைட்ஸ் டிராம்', போர்ட் பீப்பாயிலும் பிரெஞ்சு ஓக்கிலும் இருந்து 49.3 விழுக்காட்டில் வருவது. வெர்மாண்டின் விசில்பிக் நிறுவனத்து 12 ஆண்டு 'ஓல்ட் வேர்ல்ட்', மதீராவில் இருந்தது 63, சோட்டர்னில் இருந்தது 30, போர்ட்டில் இருந்தது 7 விழுக்காடு என்று கலந்து, 43 விழுக்காட்டில் அடைத்தது. 750 மில்லிப் புட்டியில் முன்னதில் ஏறத்தாழ 370 மில்லியும் பின்னதில் 322 மில்லியும் தூய மது உள்ளன. அதாவது முன்னதை 43க்குக் கொண்டுவர நாமே 110 மில்லி நீர் ஊற்றிக்கொள்ளலாம். பின்னதற்கு 12 ஆண்டு வயது என்ற பலம் உண்டு. அந்த வயது நாக்கில் தெரிகிறதா என்பதே அங்கு கேள்வி.

பொதுவாக, அதே நிறுவனத்தின் ஒயின் பீப்பாய் காணாத ரை என்ன விலை என்று பார்த்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் ஒயின் பீப்பாயின் விலையாகக் கொள்ள வேண்டும். கால் பங்கு கூடுதல் என்றால் எனக்கு உறுத்தாது. இரண்டு மடங்கு என்றால், வயதோ வலிமையோ கூடவே உயர்ந்திருக்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை வரும் புட்டிகளுக்கு மறுவிற்பனையில் கேட்கப்படும் விலை கிராக்கியின் விலையே தவிர, சுவையின் விலை அல்ல.

முதல் நாள் சுவையோடு முடிவெடுக்காமல், திறந்த புட்டியை மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை அதே சாதாரண ரையோடு வைத்துப் பார்ப்பது நல்லது. காற்றுப் பட்டதும் பழ வாசனை தணிந்து, அடியில் இருக்கும் விஸ்கி வெளியே தெரியத் தொடங்கும். அப்போதும் மசாலா கெட்டியாக நின்றால் இரண்டாவது புட்டி வாங்கலாம். நிற்கவில்லையென்றால், சாதாரண ரையையே வாங்கி மிச்சப் பணத்துக்கு ஒரு நல்ல போர்ட் வாங்கிக்கொள்ளலாம்.