மின்கம்பம் எட்டாத மலைத்தோட்ட வீட்டுக்கு ஜெனரேட்டர் அமைப்பது எப்படி?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர் பக்கம் தோட்டத்துக்குள் வீடு கட்டினால் ஈ.பி. லைன் வந்து சேர நாளாகும். காப்புக்காட்டை ஒட்டிய இடமென்றால் இன்னும் இழுக்கும். அதுவரைக்கும் என்று ஒரு ஜெனரேட்டரை வாங்கி, நாலு பல்புக்கும் ஒரு டிவிக்கும் இரவெல்லாம் ஓட விடுகிறார்கள். காசு கரைவது இங்கேதான். 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் வெறும் 200 வாட் லோடுக்கு ஓடினாலும் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். அதே எஞ்சின் 1400 வாட் கொடுக்கும்போது ஒரு லிட்டரைச் சுற்றித்தான் செலவாகும். ஆகவே ஜெனரேட்டரை தினமும் ஒன்றரை மணி நேரம் நல்ல லோடில் ஓட்டி பேட்டரியை நிரப்ப வேண்டும்; இரவை பேட்டரி பார்த்துக்கொள்ளும்.

முதலில் லோடை இரண்டாகப் பிரியுங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் போட வேண்டியவை: அரை எச்.பி. தண்ணீர் மோட்டார் (ஓடும்போது 600 வாட், கிளம்பும் நொடியில் அதைப்போல் நாலு மடங்கு), மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி. இரவில் பேட்டரியில் ஓட வேண்டியவை: 9 வாட் எல்இடி பல்பு நாலு, 60 வாட் டிவி, வைஃபை, செல்போன் சார்ஜர். பல்பு ஐந்து மணி நேரம், டிவி மூன்று மணி நேரம், மற்றவை சேர்த்து ஓர் இரவுக்கு 550 வாட்-அவர் (வாட்டை மணி நேரத்தால் பெருக்கிய அளவு) வரும். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 650 போகும். கெய்சரும் இண்டக்‌ஷன் அடுப்பும் இந்தப் பட்டியலில் வரவே கூடாது. குளிக்க வெந்நீருக்கு விறகு பாய்லர், சமையலுக்கு கேஸ்.

மலையில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் உயரம். 300 மீட்டர் ஏற ஏற பெட்ரோல் எஞ்சின் தோராயமாக 3.5 சதவீதம் சக்தியை இழக்கும். மேல்மலை ஏறத்தாழ 2000 மீட்டர். அங்கே 3 கிலோவாட் இயந்திரம் 2.3 கிலோவாட்தான் தரும். அதிலும் தொடர்ந்து இழுக்க 80 சதவீதம்தான் நல்லது. பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பது உச்ச அளவு. தொடர் அளவு என்ன என்று கேட்டு வாங்குங்கள். கீழே மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கிய இயந்திரம் மேலே வந்ததும் கரும்புகை விட்டு, ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்தால் அது பழுதல்ல. காற்றின் அடர்த்தி குறைந்ததால் கலவையில் பெட்ரோல் கூடிவிட்டது. கார்புரேட்டரில் சிறிய மெயின் ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளை) மாற்றச் சொல்லுங்கள். அந்த ஜெட்டோடு இயந்திரத்தைச் சமவெளிக்குக் கொண்டுபோய் ஓட்டக்கூடாது. பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடேறிக் கெடும்.

பேட்டரி விஷயத்தில் நம் ஊர் வழக்கம் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர், அதாவது ஆசிட் ஊற்றும் ஈய பேட்டரி. ஆனால் ஜெனரேட்டரோடு அது சரியாகச் சேராது. 15 ஆம்ப்ஸ் அளவில்தான் சார்ஜ் ஏறும். இரவுச் செலவை ஈடுகட்டவே நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், முழுதாக நிரம்ப இன்னும் பல மணி நேரம். தினமும் அரைகுறையாக விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து ஆயுள் போய்விடும். டியூபுலர்தான் வேண்டுமென்றால் 330 வாட் சோலார் பேனல் ஒன்றும் சேருங்கள். ஜெனரேட்டர் தொடங்கியதை வெயில் முடிக்கும். எங்கள் பரிந்துரை 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதற்கு 50 ஆம்ப்ஸ் சார்ஜர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே ஓட்டினால் இரவுச் செலவு திரும்பிவிடும். சார்ஜர் 800 வாட், மோட்டார் 600 வாட், ஆக 1400: ஜெனரேட்டருக்கு ஏற்ற லோடு. மார்கழி, தையில் உறைபனி விழும் பள்ளங்களில் இந்த பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும்.

இடம்

வீட்டிலிருந்து 6 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், சைலன்சர் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். 20, 30 மீட்டர் கிடைத்தால் சத்தமும் குறையும். இதில் சமரசமே வேண்டாம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மழை, குளிர் என்று திண்ணையிலோ ஸ்டோர் ரூமிலோ ஜெனரேட்டரை வைத்துக் கதவைத் திறந்து விட்டால் போதும் என்று நினைப்பது உயிருக்கு ஆபத்து. அரை அடி உயர கான்கிரீட் மேடை, மேலே தகரக் கூரை, எதிரெதிரே இரண்டு பக்கமாவது திறப்பு, சுற்றிலும் ஒரு மீட்டர் இடைவெளி போதும். மேடை மட்டமாக இருக்கட்டும். சரிவில் நின்றால் ஆயில் இருந்தும் ஆயில் சென்சார் எஞ்சினைக் கிளம்ப விடாது.

கேபிளும் எர்த்தும்

30 மீட்டர் தூரத்துக்கு 4 ஸ்கொயர் எம்எம் காப்பர், மூன்று கோர் ஆர்மர்டு கேபிள் போடுங்கள். 2.5 போட்டால் சாதாரண லோடுக்குத் தாங்கும். ஆனால் மோட்டார் கிளம்பும்போது 15 ஆம்ப்ஸ் இழுத்தால் கேபிளிலேயே 7 வோல்ட் போய்விடும். மோட்டார் கிளம்ப அது கூடுதல் சிரமம். 4 ஸ்கொயர் எம்எம்மில் அது 4 வோல்ட்தான். இரண்டரை அடி ஆழத்தில், மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கிப் புதையுங்கள். எலியும் பன்றியும் தோண்டும் இடத்தில் சாதாரண ஒயர் நிற்காது.

எர்த்துக்கு 40 மி.மீ. ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும். அடுத்துச் சொல்வதை எலெக்ட்ரீசியனிடம் நின்று கேட்டுச் செய்ய வையுங்கள். சிறிய ஜெனரேட்டர்களில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு சேராமல் தனியாக மிதக்கும். அப்படியே விட்டால், வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்தாலும் 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழாது, ஏனென்றால் கசியும் கரண்ட் திரும்பிப் போக வழியில்லை. கையேட்டில் தடை இல்லையென்றால் ஜெனரேட்டர் பக்கம் ஒரே ஓர் இடத்தில் நியூட்ரலை எர்த்தோடு இணைத்து, அதற்குப் பிறகு ஆர்சிசிபி போட வேண்டும். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுவதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்தப் பட்டன் தன் உள்ளே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் சோதிக்கிறது. எர்த் இணைப்பே இல்லாவிட்டாலும் விழும். பிளக் பாயிண்டில் ஆர்சிசிபி டெஸ்டரைச் செருகி, பேஸிலிருந்து எர்த்துக்குக் கசிவு கொடுத்துப் பார்ப்பதே உண்மையான சோதனை.

மோட்டார் லைனுக்கும் இன்வெர்ட்டர் லைனுக்கும் தனித்தனி ஆர்சிசிபி, தனித்தனி நியூட்ரல் வேண்டும். போர்டில் இரண்டையும் சேர்த்து முறுக்கினால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். பின்னாளில் ஈ.பி. வந்தால் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் இரண்டு போல் சேஞ்ச்ஓவர் (ஈ.பி.க்கும் ஜெனரேட்டருக்கும் இடையே மாற்றும் சுவிட்ச்) கட்டாயம். இரு முனையிலும் பிளக் வைத்த ஒயரால் வீட்டு பாயிண்டில் கரண்ட் ஏற்றுவது லைன்மேனைக் கொல்லும்.

பெட்ரோல்

1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி விற்பனைக்கல்லாமல் 30 லிட்டர் வரை உரிமம் இல்லாமல் வைக்கலாம். மூடி இறுகிய உலோகக் கேன், ஒன்றில் 25 லிட்டருக்கு மேல் கூடாது. தண்ணீர் கேன் வேண்டாம். இ20 பெட்ரோலில் உள்ள எத்தனால் மலைப்பனியின் ஈரத்தை இழுக்கும். ஒரு மாதத்துக்குமேல் சேமிக்காதீர்கள். பத்து நாளுக்குமேல் வீட்டைப் பூட்டிப் போவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். அடுத்த தடவை கிளம்பாமல் போவதற்கு முக்கியக் காரணம் கார்புரேட்டரில் தங்கிக் காய்ந்த பெட்ரோல்தான்.

ஓட்டும் முறை

லோடு இல்லாமல் கிளப்பி இரண்டு நிமிடம் விடுங்கள். மீட்டரில் 230 வோல்ட், 50 முதல் 52 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டும். முதலில் மோட்டாரைப் போட்டு, அது வேகம் பிடித்த பிறகு சார்ஜர். நிறுத்தும்போது எல்லா லோடையும் எடுத்துவிட்டு மூன்று நிமிடம் ஓடட்டும். சூடான டாங்கில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். கால் மணி நேரம் பொறுங்கள். முதல் 20 மணி நேரத்தில் ஆயில் மாற்றம், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை. 10டபிள்யூ-30 ஆயில் 600 மில்லி பிடிக்கும். ஏர் ஃபில்டரை 50 மணி நேரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள்.

இன்வெர்ட்டர் ‘டக் டக்’ என்று ரிலே அடித்துக்கொண்டு சார்ஜ் ஏறாமல் இருந்தால், பின்பக்க சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கும். அகன்ற வோல்டேஜ் மோடுக்கு மாற்றுங்கள். எஞ்சின் நன்றாக ஓடியும் வோல்டேஜே இல்லையென்றால் முதலில் ஜெனரேட்டரின் பிரேக்கர், அடுத்து கார்பன் பிரஷ், கடைசியில் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் சர்க்யூட்) என்ற வரிசையில் பாருங்கள். பிரஷ் ஒரு ஜோடி, ஸ்பார்க் பிளக் ஒன்று, இழுகயிறு ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். கொடைக்கானல் டவுன் கடையில் உங்கள் மாடலுக்கு உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது.