நிரல் எழுதத் தெரியாதா? லிப்ரே ஆபீஸுக்கு இப்படியும் பங்களிக்கலாம்

கட்டற்ற மென்பொருளுக்கு உதவ நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்றில்லை. கடிதம், கணக்குத்தாள் போன்றவற்றைத் தயாரிக்க உதவும் லிப்ரே ஆபீஸ், 2010-இல் ஓப்பன் ஆபீஸ் என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது. அதன் மொழிபெயர்ப்பு வேலை, வெப்லேட் என்ற கருவியில் உலாவியிலேயே நடக்கிறது. ஒரு கணக்கு தொடங்கி, மொழிகளில் தமிழைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, எடுத்தவுடன் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடாதீர்கள். ‘டேபிள்’ என்று ஒற்றைச் சொல் வந்து நிற்கும். அவசரத்தில் மேசை என்று போட்டு அசடு வழிந்தவன் நான். அங்கே வேண்டியது அட்டவணை. அந்தச் சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைத் திறந்து பார்த்தால், அது எந்த இடத்தில் வருகிறது என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும். முன்பு மொழிபெயர்த்தவர்கள் பயன்படுத்திய சொல்லையும் தேடிப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதையே தொடருங்கள். ஒரு பட்டியில் (மெனுவில்) ‘சேமி’, இன்னொன்றில் ‘பாதுகா’ என்று இருந்தால் பயனர் குழம்பிப்போவார்.

அப்புறம், சொல்லில் எங்காவது ~ என்ற நெளிகோடு இருந்தால் அது பிழையல்ல. ஆல்ட் விசையோடு அழுத்த வேண்டிய எழுத்தைக் காட்டும் அடையாளம். சதவீதக் குறியோடு தொடங்கும் பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த இடத்தை மென்பொருளே நிரப்பிக்கொள்ளும்.

முதல் நாளுக்குப் பத்து வரி போதும்.