காரைக்குடி பக்கமிருந்து யூகே வந்திருக்கீங்களா? பிள்ளைக்கு யூகாஸ்ல அப்ளை பண்றதுக்கு முன்னாடி இத படிங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல்னு நம்ம பக்கத்துல இருந்து வேலைக்காக யூகே வந்து, கூடவே ஸ்கூல் கடைசி வருஷத்துல இருக்கிற பிள்ளையையும் கூட்டிட்டு வந்திருக்கவங்களுக்காக இத எழுதுறேன். ஊர்ல இருந்துக்கிட்டே இங்க டிகிரி சேர நினைக்கிற தம்பி பாப்பாக்களுக்கும் இதுல பாதி உதவும். ஒரே ஒரு விஷயம் மனசுல ஏறிட்டா மீதியெல்லாம் தானா புரியும். நம்ம ஊர்ல மார்க் முதல்ல, காலேஜ் அப்புறம். இங்க காலேஜ் முதல்ல, மார்க் அப்புறம்.

ஊர்ல என்ன பண்ணுவோம், மார்ச்ல பரீட்சை எழுதி மே மாசம் ரிசல்ட் பாத்து, கணக்கு 100 பிசிக்ஸ் 50 கெமிஸ்ட்ரி 50ன்னு 200க்கு கட்-ஆஃப் போட்டு, ரேங்க் லிஸ்ட் வந்தப்புறம் கிண்டியா, நம்ம அழகப்ப செட்டியார் இஞ்சினியரிங் காலேஜான்னு வரிசையா சாய்ஸ் குடுப்போம். இங்க பிள்ளை பரீட்சை எழுதவே நாலுல இருந்து ஏழு மாசம் இருக்கும்போது அப்ளிகேஷன் போயிடணும். என்ன மார்க் வரும்னு ஸ்கூல் டீச்சர் ஒரு கணிப்பு குடுப்பாக, பிரடிக்டட் கிரேடுன்னு பேரு, அத வெச்சுதான் யூனிவர்சிட்டி சீட்டு தர்றதா இல்லையான்னு முடிவு பண்ணும். அதனால "மார்க் வரட்டும், பாத்துக்கலாம்"னு இருந்தா வண்டி போயிடும். இயர் 12 (ஸ்கூல் கடைசி வருஷத்துக்கு முந்தினது) முடியிற ஜூன் ஜூலையிலயே வீட்டுல பேச ஆரம்பிச்சிடுங்க, ஏன்னா கணிப்பு மார்க்க பெரும்பாலும் அந்த நேரத்து ஸ்கூல் பரீட்சைய வெச்சுதான் போடுவாக, அந்தப் பரீட்சைய சும்மா மாடல் டெஸ்ட்டுன்னு பிள்ளை நினைச்சிடக்கூடாது.

யூகாஸ்ங்கிறது செல்டன்ஹாம்ல இருக்கிற அமைப்பு, யூகே முழுக்க இளநிலை படிப்புக்கு அப்ளிகேஷன் வாங்கி யூனிவர்சிட்டிகளுக்கு அனுப்புறது அவுக வேலை. சீட்டு குடுக்கிறது அவுக இல்ல, அந்தந்த யூனிவர்சிட்டி. ஒரே ஃபாரம், ஒரே ஃபீஸ் (2026 சேர்க்கைக்கு 30 பவுண்டுக்கும் கீழதான் இருந்துச்சு), அஞ்சு இடம் வரைக்கும் போடலாம். மெடிசின், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம்னா அதுல நாலுதான், அஞ்சாவதுக்கு வேற கோர்ஸ் போட்டுக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் ரெண்டுல ஏதாவது ஒண்ணுதான் ஒரு வருஷத்துல போட முடியும். அப்புறம் நம்ம ஊரு கவுன்சிலிங் மாதிரி முதல் சாய்ஸ் ரெண்டாவது சாய்ஸ்னு வரிசை கிடையாது, நீங்க வேற எங்க போட்டிருக்கீங்கன்னு ஒரு யூனிவர்சிட்டிக்கு இன்னொண்ணு தெரியாது, எல்லா இடத்துல இருந்தும் பதில் வந்து நீங்க முடிவு சொன்னப்புறம்தான் தெரியும். அதனால பெரிய இடத்தையும் சேத்து போட்டா மத்தவுக கோவிச்சுக்குவாகன்னு பயப்பட வேண்டாம். ஆனா அஞ்சையும் உச்சாணிக் கொம்புலயே வைக்காதீங்க. கணிப்பு மார்க்குக்கு மேல கேக்கிறது ஒண்ணு ரெண்டு, அதே அளவு கேக்கிறது ரெண்டு, கண்டிப்பா கீழ கேக்கிறது ஒண்ணு, இப்படித்தான் நான் எல்லாருக்கும் சொல்றது.

தேதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மெடிசின் வகையறாவுக்கு அக்டோபர் 15, சாயங்காலம் 6 மணி. ஊர்ல இருந்து போடுறவங்களுக்கு அது ராத்திரி பத்தரை. மத்த பெரும்பாலான கோர்ஸுக்கு ஜனவரி நடுவுலயோ கடைசியிலயோ வரும், வருஷா வருஷம் மாறும், 2025-ல 29 ஜனவரி, 2026-ல 14 ஜனவரி, அதாவது சரியா பொங்கல் நேரம். ஜனவரில இங்க கடிகாரம் மாறியிருக்கும், அதனால 6 மணின்னா ஊர்ல பதினொன்றரை. அந்தத் தேதிக்குள்ள வந்த எல்லாத்தையும் சமமா பாக்கணும்ங்கிறதுதான் கணக்கு, அப்புறம் போட்டாலும் வாங்குவாக, ஆனா இடம் இருந்தாதான். ஸ்கூல்ல உள்ளுக்குள்ள அதைவிட ரொம்ப முன்னாடியே ஒரு தேதி வெச்சிருப்பாக, டீச்சர் ரெஃபரன்ஸ் (பிள்ளைய பத்தின சிபாரிசுக் குறிப்பு) எழுத நேரம் வேணும்ல. பிள்ளைகிட்ட அந்தத் தேதிய கேளுங்க, அதுதான் உங்களுக்கு உண்மையான தேதி. ஸ்கூல் ஒரு பஸ்வேர்ட் (buzzword, லாகின் பாஸ்வேர்ட் இல்ல) குடுக்கும், அத போட்டாதான் அப்ளிகேஷன் ஸ்கூலோட இணையும், ரெஃபரன்ஸும் கணிப்பு மார்க்கும் ஸ்கூல்ல இருந்து தானா சேரும்.

இப்ப பேரு விஷயம், நம்ம ஆளுகளுக்கு இங்கதான் நெறைய சிக்கல். நம்ம பக்கம் ஐயா பேர பேரனுக்கு வைக்கிறதால ஒரே வளவுல மூணு லெட்சுமணன் இருப்பாக, விலாசம் (பேருக்கு முன்னாடி போடுற குடும்ப இனிஷியல்) போட்டாதான் யாரு எவருன்னு பிரியும். அந்த விலாச இனிஷியல் எல்லாம் பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட்ல ஒரு மாதிரி, ஆதார்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல விரிச்சு முழுசா ஒரு மாதிரி இருக்கும், சில பாஸ்போர்ட்ல சர்நேம் இடமே காலியா இருக்கும். யூகாஸ்ல பாஸ்போர்ட்ல இருக்கிறத அப்படியே அடிங்க, எழுத்து கூட மாத்தாதீங்க. இங்க ஸ்கூல்ல சேக்கும்போது அப்பா பேர குடும்பப் பேரா போட்டிருந்தாகன்னா அங்கயும் இதே பேரு இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இப்பவே ஸ்கூல் ஆபீஸ்ல சொல்லி திருத்துங்க, ஏ லெவல் (இங்க பிளஸ் டூ மாதிரி) சர்டிபிகேட் அந்தப் பேர்லதான் அடிச்சு வரும். பின்னாடி திருத்துறது ரொம்ப அலைச்சல்.

அடுத்தது பணம், புதுசா வந்தவுக கட்டாயம் தெரிஞ்சுக்க வேண்டியது. பிள்ளை இங்க கவர்ன்மெண்ட் ஸ்கூல்ல காசில்லாம படிக்குதேன்னு யூனிவர்சிட்டியிலயும் உள்ளூர் ஃபீஸ்தான்னு நெறைய பேரு நம்பிட்டு இருக்காக. அப்படி இல்லைங்க. இங்கிலாந்துல உள்ளூர் ஃபீஸ் 2025-26ல வருஷத்துக்கு 9,535 பவுண்ட், ஆனா அது கிடைக்க பொதுவா கோர்ஸ் ஆரம்பிக்கிறப்ப நிரந்தரமா தங்குற உரிமை வேணும், அதோட அதுக்கு முந்தின மூணு வருஷம் இங்க குடியிருந்திருக்கணும். அம்மா நர்ஸ் வேலைக்கோ அப்பா ஐடி வேலைக்கோ வொர்க் விசாவுல வந்து, பிள்ளை டிபெண்டண்ட் விசாவுல இருந்தா பெரும்பாலும் வெளிநாட்டு ஃபீஸ்தான், அது ரெண்டு மூணு மடங்கு வரும், கவர்ன்மெண்ட் லோனும் கிடையாது. யூகாஸ் ஃபாரத்துல ரெசிடென்ஷியல் கேட்டகரின்னு ஒரு கேள்வி வரும், அதுல உள்ளத உள்ளபடி போடுங்க. ஒவ்வொரு யூனிவர்சிட்டியும் தனியா பாத்துதான் முடிவு சொல்லும், சந்தேகம்னா சேர்றதுக்கு முன்னாடியே எழுத்துல கேளுங்க. இந்தக் கணக்க பிள்ளைகிட்டயும் மறைக்காம உக்காந்து பேசிடுங்க, பிள்ளை ஒரு இடத்துல மனச வெச்சப்புறம் ஃபீஸ் கட்ட முடியாதுன்னு சொல்றது ரொம்ப கொடுமை.

சரி, பர்சனல் ஸ்டேட்மெண்ட். முன்னாடி ஒரே நீளமான கட்டுரையா எழுதணும், 2026 சேர்க்கையில இருந்து மூணு கேள்வியா பிரிச்சுட்டாக. இந்தப் பாடத்த ஏன் படிக்க ஆசைப்படுற, இதுவரைக்கும் படிச்ச படிப்பு அதுக்கு உன்ன எப்படி தயார் பண்ணுச்சு, படிப்புக்கு வெளியில என்ன பண்ணியிருக்க அது எப்படி உதவும், இவ்வளவுதான். மூணுக்கும் சேத்து 4,000 எழுத்து, நடுவுல விடுற இடமும் அதுல சேரும், ஒவ்வொண்ணுக்கும் 350 எழுத்தாவது வேணும். முக்கியமா ஒண்ணு, அஞ்சு இடத்துக்கும் இதே ஸ்டேட்மெண்ட்தான் போகும். அதனால ஒரு இடத்துல எக்கனாமிக்ஸ், ஒரு இடத்துல பயோகெமிஸ்ட்ரி, ஒரு இடத்துல சட்டம்னு கலந்து போட்டா எந்த இடத்துக்கும் பொருந்தாது. எந்த யூனிவர்சிட்டி பேரையும் உள்ள எழுதாதீங்க. எந்தப் பாடம்ங்கிறத முதல்ல முடிவு பண்ணுங்க, யூனிவர்சிட்டி அப்புறம்.

நம்ம ஊரு பிள்ளைக எழுதுறத வாசிச்சா "சின்ன வயசுல இருந்தே எனக்கு ஆர்வம்"னு ஆரம்பிச்சு, பேச்சுப் போட்டி பரிசு, நீச்சல் சர்டிபிகேட்னு அடுக்கிக்கிட்டே போகும், படிக்கப்போற பாடத்த பத்தி ஒரு வரி இருக்காது. மூணாவது கேள்விக்கு எழுத நம்மகிட்ட எவ்வளவு இருக்குன்னு அதுகளுக்கே தெரியல, அதுதான் எனக்கு ஆதங்கம். மெட்டீரியல்ஸோ கெமிஸ்ட்ரியோ படிக்கப்போற பிள்ளை லீவுல ஊருக்குப் போனா ஆத்தங்குடிக்கு ஒரு நாள் போயி தரைக்குப் பதிக்கிற கல்லு எப்படி போடுறாகன்னு நின்னு பாக்கட்டும், கண்ணாடி மேல அச்ச வெச்சு கலர் ஊத்தி சிமெண்ட்டும் மணலும் போட்டு அழுத்தி, சூளையில சுடாம தண்ணியில ஊறப்போட்டே இறுக வைக்கிறாகல்ல, சிமெண்ட் ஏன் தண்ணிக்குள்ள இறுகுதுன்னு தேடிப் படிச்சு நாலு வரி எழுதினா அது உண்மையான ஆர்வம். சிவில் இஞ்சினியரிங், ஜியாக்ரபின்னா நம்ம ஊரணிக இருக்கு, மழை குறைஞ்ச சீமையில தண்ணிய எப்படி வரத்துக் கால்வாய் வெட்டி ஊரணிக்கு கொண்டு வந்தாக, இப்ப எந்த ஊரணி ஏன் நிறைய மாட்டேங்குதுன்னு ஐயாகிட்ட கேட்டாலே பாதி கட்டுரை வந்துடும். எக்கனாமிக்ஸோ வரலாறோ படிக்கிறதா இருந்தா, நம்ம முன்னோர் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க (வட்டிக்கு கடன் குடுத்து தொழில் பண்ண) போனது, 1930-கள்ல நெல் விலை சரிஞ்சப்ப கடன் வாங்கினவுக கட்ட முடியாம பர்மா நிலமெல்லாம் கடன் குடுத்தவுக கைக்கு வந்தது, அதனால அங்க வந்த பகை, இதவிட நல்ல பாடம் எங்க கிடைக்கும். எலக்ட்ரோகெமிஸ்ட்ரிக்கு சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம்ம காரைக்குடியிலயே இருக்கு. பாத்தேன்னு மட்டும் எழுதினா போதாது, பாத்து என்ன யோசிச்சேன், அப்புறம் என்ன படிச்சேன்னு எழுதணும், வாசிக்கிறவுக தேடுறது அதத்தான்.

காசு குடுத்து எழுதி வாங்காதீங்க, நெட்ல இருந்து எடுத்து ஒட்டவும் வேண்டாம். வர்ற ஸ்டேட்மெண்ட் எல்லாத்தையும் யூகாஸ் முன்னாடி வந்த ஸ்டேட்மெண்ட்களோட ஒப்பிட்டுப் பாக்குது, ஒத்துப் போச்சுன்னா யூனிவர்சிட்டிக்கு தகவல் போயிடும். ஏஜெண்ட் வெச்சுக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம், ஆனா யூனிவர்சிட்டி கமிஷன் குடுக்கிற இடத்துக்கு அவுக தள்ளி விடுறது உண்டு, அதனால லாகின் பாஸ்வேர்டும் ஈமெயிலும் பிள்ளை கையிலயே இருக்கட்டும்.

ஊர்ல இருந்து போடுறவங்களுக்கு ரெஃபரன்ஸ்தான் கஷ்டம். ஹெட்மாஸ்டருக்கோ பாடம் எடுக்கிற சாருக்கோ ஆன்லைன்ல ஒரு லிங்க் போகும், அவுக நேரடியா அதுல எழுதி கணிப்பு மார்க்கும் போடணும், நீங்க எழுதி கையெழுத்து வாங்குற வேலை ஆகாது, சொந்தக்காரவுகளும் எழுதக்கூடாது. அரையாண்டுப் பரீட்சை வந்துட்டா அவுகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, அதனால ஆயுத பூஜை லீவுக்கு முன்னாடியே நேர்ல போயி, என்ன கோர்ஸ், எப்ப கடைசி தேதி, என்ன எழுதணும்னு பொறுமையா சொல்லிட்டு வாங்க.

பதில் வர ஆரம்பிச்சா அவசரப்படாதீங்க. பெரும்பாலும் "இந்த மார்க் எடுத்தா சீட்டு"ன்னு நிபந்தனையோடதான் வரும். எல்லா பதிலும் வந்தப்புறம் ஒண்ண ஃபர்ம்னு (முதல் இடம்), இன்னொண்ண இன்சூரன்ஸ்னு (அது தவறிட்டா போற இடம்) வெச்சுக்கிட்டு மீதிய விட்டுடணும். இன்சூரன்ஸ் வைக்கிறது ஃபர்மைவிட கம்மி மார்க் கேக்கிற இடமா இருக்கணும், அதே மார்க்கோ கூடவோ கேட்டா அத வெச்சு என்ன பிரயோஜனம். சொன்ன தேதிக்குள்ள பதில் குடுக்கலன்னா வந்த சீட்டெல்லாம் தானா ரத்தாயிடும். அஞ்சுலயும் இல்லைன்னு வந்தாலும் கதை முடியல, எக்ஸ்ட்ரான்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒவ்வொரு இடமா கேக்கலாம். ஜூலையில இருந்து கிளியரிங், அதாவது மிச்சமிருக்கிற சீட்ட நிரப்புறது, நடக்கும், ஏ லெவல் ரிசல்ட் வர்ற ஆகஸ்ட் காலையில பிள்ளையே போன் பண்ணிப் பேசணும், அப்பாவோ அம்மாவோ பேசினா பெரும்பாலும் பிள்ளைகிட்ட குடுங்கன்னு சொல்லிடுவாக. கிளியரிங்ல நல்ல யூனிவர்சிட்டி கிடைச்சுப் போனவுக நெறைய இருக்காக, அத அவமானமா நினைச்சு ஊர்ல மறைக்க ஒண்ணுமே இல்ல.

மாஸ்டர்ஸ் படிக்க வர்றவுக கவனிங்க, இதெல்லாம் டிகிரிக்குத்தான், முதுநிலைக்கு பெரும்பாலும் அந்தந்த யூனிவர்சிட்டி வெப்சைட்லயே நேரா போடணும். டிகிரிக்கு அமெரிக்கான்னா காமன் ஆப்னு யூகாஸ் மாதிரி ஒண்ணு இருக்கு, 20 காலேஜ் வரைக்கும் போடலாம், 650 வார்த்தையில ஒரு கட்டுரை, ஆனா காலேஜுக்கு காலேஜ் தனி ஃபீஸ், தனி கேள்வி. ஜெர்மனியில நெறைய யூனிவர்சிட்டிக்கு யூனி-அசிஸ்ட்ங்கிற அமைப்பு வழியா போடணும், அதுக்கு முன்னாடி இந்தியாவுல படிச்சவுகளுக்கு ஏபிஎஸ் சர்டிபிகேட் (நம்ம படிப்புச் சான்றிதழ சரிபாத்துக் குடுக்கிறது) வேணும், அது கைக்கு வர நாளாகும்.

ஊர்ல இருந்து வர்ற பிள்ளைகளுக்கு கடைசியா ஒண்ணு. ஏ லெவல் மார்க் யூகாஸுக்கு தானா போகும், நம்ம ஸ்டேட் போர்டு மார்க் அப்படிப் போகாது. மே மாசம் ரிசல்ட் வந்தப்புறம் டெம்பரரி மார்க் ஷீட் கிடைக்க ஆரம்பிச்ச உடனே டவுன்லோட் பண்ணி நீங்களே யூனிவர்சிட்டிக்கு அனுப்புங்க. அத பாத்து நிபந்தனை நீங்கி, டெபாசிட் கட்டினப்புறம்தான் யூனிவர்சிட்டி சிஏஎஸ்னு ஒரு நம்பர் குடுக்கும், அது இல்லாம விசாவுக்கு போட முடியாது. விசாவுக்கு காட்டுற பணம் பேங்க்ல தொடர்ந்து 28 நாள் குறையாம இருக்கணும், நடுவுல வீட்டு விசேஷத்துக்குன்னு எடுத்துட்டு மறுபடி போட்டா முதல் நாள்ல இருந்து எண்ணணும், அதனால அந்த அக்கவுண்ட்ட ஜூன்லயே தனியா வெச்சிடுங்க.