மல்லாட்டைச் செடியை வைத்து நுண்ணுயிரிகளைக் காட்டுவது எப்படி

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் தொடங்கும்போது, பிள்ளைகளை முதலில் கொல்லைக்குத்தான் கூட்டிப் போவேன். திண்டிவனம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பழகின பயிர். அந்த ஒரே செடியின் வேரில் அதற்குச் சத்து கொடுக்கும் பாக்டீரியா குடியிருக்கிறது. அதே செடியின் காயில் நஞ்சு சுரக்கும் பூஞ்சையும் வந்து பிடிக்கும். நன்மை செய்வன, தீமை செய்வன என்று பலகையில் இரண்டு பட்டியல் போடுவதைவிட இது மனதில் நிற்கிறது. ஆசிரியர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் வீட்டிலேயே செய்து காட்டலாம்.

முதல் நாள் இரவு தயிரில் தொடங்குங்கள். மூன்று டம்ளர் பால் வேண்டும். முதல் பங்கில் உறைமோர் ஊற்றி இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு ஆற வையுங்கள். இரண்டாவதில், விரல் பொறுக்கும் சூட்டில் அதே அளவு உறைமோர் ஊற்றுங்கள். மூன்றாவது வெதுவெதுப்பான பால் மட்டும், உறை வேண்டாம். காலையில் இரண்டாவது டம்ளர்தான் கட்டித் தயிராக இருக்கும். லாக்டிக் அமில பாக்டீரியா பாலின் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகிறது, அந்த அமிலத்தில் பால் புரதம் திரள்கிறது. கொதிக்க வைத்த பாலில் அவை செத்துவிட்டன. மூன்றாவதில் வாசனை மாறியிருந்தால், அது நாம் கூப்பிடாமலே வந்தவற்றின் வேலை. முதலாவதையும் மூன்றாவதையும் யாரும் குடிக்கக் கூடாது. உணவு, ஈரம், சூடு, நேரம் இந்த நான்கும்தான் இவற்றின் பிழைப்பு என்று பிள்ளைகளே சொல்லும்வரை பொறுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடிப்படை.

இனி கொல்லைக்கு. ஆடியில் விதைத்த மல்லாட்டை என்றால் ஆவணி நடுவில், பூவெடுத்து விழுது இறங்கும் பருவத்தில் போவது நல்லது. செடியைப் பிடித்து இழுக்காதீர்கள், வேரிலுள்ள முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். சுற்றிலும் கொத்தி, மண்கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாக அலசுங்கள். வேரில் கேழ்வரகு அளவில் உருண்டைகள் ஒட்டியிருக்கும். நகத்தால் தட்டினால் உதிர்ந்துவிட்டால் அது பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு. உதிராமல் வேரே வீங்கிப் புடைத்திருந்தால் அது நூற்புழு தாக்கிய வேர். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். விவசாயம் செய்கிற வீட்டில் அது உடனே பயன்படும் அறிவு.

இப்போது ஒரு முடிச்சைப் பிளேடால் பெரியவர் ஒருவர் குறுக்கே வெட்ட வேண்டும். உள்ளே ரத்தம்போல் சிவந்திருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதிக்கு ஆக்சிஜன் அதிகமானால் ஆகாது. அதனால் இந்தப் புரதம் ஆக்சிஜனைக் கட்டிவைத்து, பாக்டீரியா மூச்சுவிடும் அளவுக்கு மட்டும் விடுகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. ரைசோபியம் வகை பாக்டீரியா எடுத்துக் கொடுக்கிறது, செடி பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. 1888இல் நெதர்லாந்து விஞ்ஞானி பெய்ஜெரிங்க் வேர்முடிச்சிலிருந்து இந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். சிவந்த முடிச்சைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்து நிற்கும் அந்த நேரத்துக்காகவே நான் இந்தப் பாடத்தை ஒவ்வொரு வருஷமும் எதிர்பார்க்கிறேன்.

வேளாண்மை விரிவாக்க மையத்தில் ரைசோபியம் பாக்கெட் கிடைக்கும். அதை நன்றாக ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி, உடனே விதைக்க வேண்டும். கஞ்சி ஏன் ஆறியிருக்க வேண்டும், ஏன் வெயிலில் காயவைக்கக் கூடாது என்று கேளுங்கள். தயிர் டம்ளரைப் பார்த்த பிள்ளை பதில் சொல்லும்.

அடுத்தது காய். இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். சேமித்த மல்லாட்டையில் மஞ்சள் கலந்த பச்சைப் பொடியாகப் படர்வது பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சை. அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தீவனத்தைச் சோதித்தபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கு பிடிபட்டது. இந்த நஞ்சு அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது. வறுத்தாலும் அவித்தாலும் முழுசாகப் போகாது. பூஞ்சை பிடித்த பிண்ணாக்கைத் தின்ற பசுவின் பாலிலும் இறங்கும்.

ஆகவே வீட்டில் செய்ய வேண்டியவை: காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆடும்வரை வெயிலில் காயவிடுங்கள், ஈரம் 8 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். உரிக்கச் சுலபமாக இருக்கிறதென்று காயில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் பல ஊரில் உண்டு. தயவுசெய்து விட்டுவிடுங்கள், பூஞ்சைக்கு வேண்டிய ஈரத்தை நாமே கொடுக்கிறோம். மூட்டையைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள். உடைந்தது, சுருங்கினது, நிறம் மாறினது எல்லாவற்றையும் செக்குக்கு அனுப்பும் முன்பே பொறுக்கி எறியுங்கள், ஏனென்றால் வடிகட்டினாலும் எண்ணெயில் நஞ்சு தங்கும். கசக்கும் பருப்பை விழுங்காமல் துப்பிவிட வேண்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

பூஞ்சை வளர்வதைக் காட்ட மல்லாட்டையை எடுக்காதீர்கள். ஒரு ரொட்டித் துண்டில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். காய்ந்த ரொட்டித் துண்டு ஒன்றையும் அதேபோல் இன்னொரு உறையில் பக்கத்தில் வையுங்கள். தினமும் உறைக்கு வெளியிலிருந்தே பார்த்து நோட்டில் வரைய வேண்டும். பூஞ்சை எல்லாமே விரோதி இல்லை, 1928இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலின் ஒரு பூஞ்சை தந்த மருந்து என்பதையும் அப்போது சொல்லலாம். ஆனால் உறையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்கக் கூடாது, வித்துத்தூள் மூச்சில் போகும். இழைப்பு உள்ள பிள்ளைகள் இருந்தால் உறையைக் கையில் கொடுக்காமல் தூரத்திலேயே காட்டுங்கள். முடிந்ததும் பிரிக்காமலே இன்னொரு பையில் கட்டிக் குப்பையில் சேர்த்துவிட்டு, எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.