கேன்சர் டிரையல்: சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மருந்தையோ சிகிச்சை முறையையோ நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுதான் கிளினிக்கல் டிரையல். அதைப் பற்றிய பேச்சு பல குடும்பங்களில் எல்லா சிகிச்சையும் கைவிட்ட பிறகுதான் எழுகிறது. முதல் தவறு அதுதான். யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று ஒவ்வொரு டிரையலுக்கும் பக்கக்கணக்கில் விதிகள் உண்டு. 'பரவிய நோய்க்கு இதுவரை கீமோ எடுத்திருக்கக் கூடாது' என்பவை ஏராளம். 'அதிகபட்சம் இரண்டு வகைச் சிகிச்சை' என்று வரம்பு போடுபவையும் உண்டு. கட்டியை அகற்றும் முன் மருந்து கொடுத்துச் சுருங்குகிறதா என்று பார்க்கும் டிரையல்களில், கட்டியை எடுத்த மறுநாள் போய்க் கேட்டு எந்தப் பயனும் இல்லை. அதனால் கேட்க வேண்டிய நேரங்கள் இவை: நோய் உறுதியானதும் முதல் சிகிச்சைக்கு முன், அறுவைக்குத் தேதி குறிக்கும் முன், நோய் திரும்பி வந்ததும், ஒரு மருந்தை நிறுத்தி இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும்.

'எனக்கு ஏற்ற டிரையல் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டால் 'இங்கே இல்லை' என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். 'வேறு எங்காவது இருக்கிறதா, அடுத்த சிகிச்சையைத் தொடங்கினால் அதில் சேரும் வாய்ப்பு போய்விடுமா?' என்று கேளுங்கள். அமெரிக்க அரசின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு டிரையலுக்கும் 'என்.சி.டி.' என்று தொடங்கி 8 இலக்கம் கொண்ட எண் இருக்கும். பிற நாட்டுப் பதிவேடுகளிலும் இப்படிப் பதிவெண் உண்டு. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் குழப்பம் குறையும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத 'டிரையல்', அதிலும் சோதனை மருந்துக்கே பெருந்தொகை கேட்பது என்றால், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சேரும் முன் நடக்கும் அவசரங்கள்

வாய்ப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். ஸ்டீராய்டை எடுத்துக்கொள்வோம். இம்யூனோதெரபி டிரையல்கள் பெரும்பாலும் நாளொன்றுக்கு 10 மி.கி. பிரெட்னிசோலோனுக்கு (ஸ்டீராய்டு வகைகளில் ஒன்று) சமமான அளவைவிட அதிகமாக ஸ்டீராய்டு எடுப்பவரைச் சேர்ப்பதில்லை. அந்த மருந்து எழுப்ப நினைக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களையே ஸ்டீராய்டு அடக்கிவிடும். பசி எடுக்கட்டும், சோர்வு போகட்டும் என்று எழுதித் தரும் 4 மி.கி. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஒன்று ஏறக்குறைய 27 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம். தினம் ஒரு மாத்திரை போட்டாலே வரம்பைத் தாண்டி இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது. இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. வாரக்கணக்கில் எடுத்ததைச் சட்டென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகலாம். டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அடுத்தது கதிர்வீச்சு. பல டிரையல்களில் 'அளக்கக்கூடிய கட்டி' ஒன்றாவது இருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் கட்டி என்றால் குறைந்தது 10 மி.மீ., நிணநீர் முடிச்சு என்றால் அதன் குறுக்களவு 15 மி.மீ. அப்படி இருக்கும் ஒரே கட்டிக்குக் கதிர்வீச்சு கொடுத்துவிட்டால், அது பிறகு வளர்ந்ததாக நிரூபிக்கும்வரை கணக்கில் வராது. வலிக்காகக் கதிர்வீச்சு தேவை என்றால் கொடுத்தே ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேதி குறிக்கும் முன் டிரையல் டாக்டரும் ஒரு முறை ஸ்கேனைப் பார்த்துவிடட்டும்.

பழைய மருந்து உடலிலிருந்து வடிய ஓர் இடைவெளி வேண்டும். இதை வாஷ்-அவுட் என்பார்கள். பெரும்பாலும் 2 முதல் 4 வாரம். சும்மா இருக்க மனம் கேட்காமல் நடுவில் ஒரு டோஸ் கீமோ போட்டுக்கொண்டால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இரத்தப் பரிசோதனைக்குப் போகும் நாளில் உடல் வறண்டிருந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ஏறிக் காட்டும். முந்தைய இரண்டு நாள் வாந்தி இருந்தது, தண்ணீர் இறங்கவில்லை என்றால் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். உடலுக்குத் திரவம் ஏற்றிவிட்டு இன்னொரு நாள் பார்ப்பார்கள்.

பயாப்ஸி பிளாக் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. அறுவையில் எடுத்த திசு மெழுகுக்கட்டியில் பதிந்து, சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் நோயியல் லேபில் இருக்கும். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பல டிரையல்களுக்கு அந்த பிளாக்கோ அதிலிருந்து வெட்டிய ஸ்லைடுகளோ வேண்டும். கேட்டு வாங்கவே வாரங்கள் ஓடிவிடும். 'ஸ்லைடு வெட்டி வைத்துவிட்டால் பின்னால் உதவும்' என்று முன்கூட்டி வெட்டுவதும் வீண், ஏனெனில் வெட்டிய ஸ்லைடு மாதங்கள் ஆக ஆகச் சாயம் ஏற்கும் திறனை இழக்கும். எலும்பில் பயாப்ஸி எடுப்பதானால் மரபணுப் பரிசோதனைக்கும் தேவைப்படும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். எலும்பை மென்மையாக்க வலுவான அமிலத்தில் ஊற வைத்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

கட்டம், டம்மி மாத்திரை, குலுக்கல்

முதல் கட்ட டிரையலின் கேள்வி 'எவ்வளவு டோஸ் தாங்கும்?' என்பது. நோய் குணமாகுமா என்பது அங்கே பிரதான கேள்வியே இல்லை. நெடுநாள் புழக்கத்தில் உள்ள ஒரு முறையில் 3 பேருக்கு ஒரு டோஸ் கொடுப்பார்கள். ஒருவருக்கும் கடுமையான பாதிப்பு இல்லை என்றால் அடுத்த 3 பேருக்கு டோஸை உயர்த்துவார்கள். ஒருவருக்கு வந்தால் அதே டோஸில் இன்னும் 3 பேர். 6 பேரில் இரண்டாவது ஒருவருக்கும் வந்தால் அதற்கு மேல் போவதில்லை. எத்தனையாவது டோஸ் படியில் சேர்கிறோம், நம் படிக்கு முன் என்னென்ன பாதிப்பு வந்தது என்று கேட்பது உங்கள் உரிமை.

'மருந்தே இல்லாத டம்மி மாத்திரை கொடுத்துச் சாகவிடுவார்கள்' என்ற பயம் இன்னும் போகவில்லை. பலன் தரும் சிகிச்சை ஏற்கெனவே உள்ள நோயில் டம்மியை மட்டும் கொடுப்பது நெறிமுறைக்கு எதிரானது. வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு, அதன் மேல் ஒரு பிரிவுக்குப் புது மருந்து, இன்னொரு பிரிவுக்கு டம்மி. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கிப் போடும். டாக்டரிடம் சிபாரிசு கேட்டு நடக்கிற காரியம் இல்லை.

குலுக்கலைத் தவிர்த்து அதே சிகிச்சையை வெளியில் பெறுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய கணக்கு. 1990களில் மார்பகப் புற்றுநோய்க்கு மிக அதிக டோஸ் கீமோவும் தொடர்ந்து ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும் செய்தால் உயிர் நீளும் என்று பரவலாக நம்பப்பட்டது. பலர் டிரையலுக்கு வெளியே அதைச் செய்துகொண்டதால் டிரையல்களுக்கு ஆள் சேரவே ஆண்டுகள் பிடித்தன. 1999இல் வந்த முடிவுகளில் பெரும்பாலானவை வழக்கமான கீமோவைவிட ஆயுள் கூடவில்லை என்றன. பலன் உண்டு என்று சொன்ன தென்னாப்பிரிக்க ஆய்வு மோசடி என்று மறு ஆண்டே தெரிந்தது.

மறைப்பது

சேர்ந்த பிறகு நடக்கும் தவறுகளில் மிக ஆபத்தானது இது. மூலிகைப் பொடி, கஷாயம், ஊட்டச்சத்து மாத்திரை எதுவானாலும் சொல்லிவிட வேண்டும். 'இயற்கைதானே' என்ற வாதம் கல்லீரலிடம் எடுபடாது. மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை முடுக்கிவிடும், பல மருந்துகளின் அளவு இரத்தத்தில் இறங்கிவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு குடலில் அதே நொதியை முடக்கும், மருந்தளவு எகிறும். கல்லீரலின் நிலையைக் காட்டும் இரத்த அளவுகளில், ஏ.எல்.டி. இயல்பு வரம்பைப்போல் 3 மடங்குக்கு மேலும் பிலிருபின் 2 மடங்குக்கு மேலும் சேர்ந்து ஏறி, வேறு காரணமும் தென்படாவிட்டால், கடுமையான கல்லீரல் பாதிப்பாகவே எடுத்துக்கொள்வார்கள். காரணம் நீங்கள் குடித்த கஷாயமாக இருக்கும், பழி புது மருந்தின் மேல் விழும், நல்ல மருந்து ஒன்று உங்களுக்கே நின்றுபோகும்.

பக்கவிளைவைச் சொன்னால் டிரையலிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பொறுத்துக்கொள்பவர்களும் உண்டு. பெரும்பாலும் டோஸைக் குறைப்பார்கள், அல்லது ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பார்கள். சொல்லாமல் விட்டால்தான் முற்றி நிரந்தரமாக நிறுத்த வேண்டி வரும். இம்யூனோதெரபியில் வயிற்றுப்போக்கு வழக்கத்தைவிட நாளுக்கு 4 முறை கூடினாலே பக்கவிளைவின் தீவிரத்தில் இரண்டாம் நிலை, 7 முறை கூடினால் மூன்றாம் நிலை. வீட்டில் இருக்கும், வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடைப் போட்டு அடைத்துவைத்தால் உள்ளே குடல் அழற்சி வளர்ந்துகொண்டே இருக்கும்.

காய்ச்சலும் அப்படித்தான். கீமோ எடுப்பவருக்கு உடம்பு சுட்டால், அளந்து பார்க்கும் முன் பாரசிட்டமால் போடக் கூடாது; 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெள்ளணுக்கள் விழுந்த நேரத்துக் காய்ச்சலுக்கு மருத்துவமனைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும் என்பது விதி. டிரையலில் சேர்ந்தவருக்குத் தரும் அடையாள அட்டையை எப்போதும் பையில் வைத்திருங்கள். வேறு மருத்துவமனைக்கு ஓட நேர்ந்தால், அதிலுள்ள எண்ணுக்குப் பேசித்தான் அவசியமானால் உங்களுக்குப் போவது மருந்தா டம்மியா என்று அங்குள்ளவர்கள் தெரிந்துகொள்ள முடியும்.

மாத்திரை டைரியை மருத்துவமனைக்குப் போகும் காலையில் உட்கார்ந்து ஒரே பேனாவில் நிரப்புவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். வாந்தியில் மாத்திரை வெளியே வந்தால் நேரத்தைக் குறித்து வையுங்கள். டிரையல் விதி சொன்னால் ஒழிய இன்னொன்றைப் போடாதீர்கள். காலி அட்டைகளையும் திருப்பித் தர வேண்டும், எண்ணிப் பார்ப்பார்கள்.

ஸ்கேன் எண்கள்

கட்டிகளின் அளவைக் கூட்டிய தொகை தொடக்கத்தில் இருந்ததைவிட 30 சதவீதம் குறைந்தால் பகுதியளவு பலன். இதுவரை பதிவான மிகக் குறைந்த தொகையிலிருந்து 20 சதவீதமும் குறைந்தது 5 மி.மீ.யும் ஏறினால் நோய் முன்னேற்றம். தொடக்கத்தில் 80 மி.மீ., பிறகு 50, இப்போது 61 என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தைவிடச் சிறியதாகத்தானே இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் 50இலிருந்து 22 சதவீதம் ஏறிவிட்டது, விதிப்படி இது முன்னேற்றம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே முறையில் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். 'வீட்டுக்குப் பக்கத்தில் எடுத்துவிட்டேன், காண்ட்ராஸ்ட் (கட்டியைத் தெளிவாகக் காட்ட ஏற்றும் மருந்து) போடவில்லை' என்றால் முந்தைய அளவோடு ஒப்பிட முடியாது.

புற்றுநோய் மருந்து இல்லாத டிரையல்கள்

வலி, வாந்தி, வாய்ப்புண், சோர்வு ஆகியவற்றுக்கான டிரையல்களை 'சில்லறை விஷயம்' என்று ஒதுக்குவது வருத்தத்துக்குரியது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேர் சேர்ந்தார்கள். தொடக்கத்திலிருந்தே வலி நிவாரண மருத்துவக் குழுவின் கவனிப்பும் கிடைத்த பிரிவின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவுக்கு 8.9. வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது. இத்தகைய டிரையல்களில் அளவுகோல் நீங்கள் நிரப்பும் கேள்வித்தாள்தான். நர்ஸ் மனம் நோகக் கூடாதென்று 'பரவாயில்லை'யில் டிக் அடித்தால் அளவுகோலே பொய்யாகிவிடும்.

நோயறியும் டிரையலில் வரும் 'பாசிட்டிவ்' தீர்ப்பல்ல. 1000 பேரில் 5 பேருக்கு நோய் இருக்கிறது, டெஸ்ட் நோயுள்ள அனைவரையும் பிடிக்கும், நோயில்லாதவரில் 100க்கு ஒருவரைத் தவறாகக் காட்டும் என்று வையுங்கள். 15 பேருக்குப் பாசிட்டிவ் வரும், அவர்களில் 10 பேருக்கு நோயே இல்லை. பயாப்ஸி முடியும்வரை யாரும் சிகிச்சை தொடங்கக் கூடாது. ஆராய்ச்சிக்காகச் செய்யும் பரிசோதனையின் முடிவு உங்களுக்குச் சொல்லப்படுமா என்பதையும் ஒப்புதல் படிவத்திலேயே பாருங்கள், பலவற்றில் சொல்லமாட்டார்கள்.

விலகும்போது

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சை நிற்காது. ஆனால் மருந்தை நிறுத்துவது வேறு, ஒப்புதலையே திரும்பப் பெறுவது வேறு. மருந்து தாங்கவில்லை என்றால் 'மருந்து வேண்டாம், போனில் விசாரித்தாலும் ஸ்கேன் விவரம் கேட்டாலும் சம்மதம்' என்று சொல்லலாம். தாங்க முடியாமல் நிறுத்தியவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிட்டால், மருந்து உண்மையில் இருப்பதைவிடச் சாதுவாகத் தெரியும். எதிலிருந்து விலகுகிறீர்கள் என்பதைப் படிவத்தில் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள், ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.