ஆறாவது கிலோ சங்கரா வாங்கலாமா?

காசிமேட்டில் மீன் வறுவல் கடை போடுபவர் மொத்தச் செலவைக் கிலோவால் வகுத்தால் கணக்கு தப்பும். கடைசியாகச் சேர்க்கும் கிலோவை மட்டும் பாருங்கள். மீன் 300 ரூபாய், எண்ணெய், மசாலா, கேஸ் 80 என்று வைத்தால் இறுதிநிலைச் செலவு, அதாவது அந்த ஒரு கிலோவால் கூடும் செலவு, 380. அந்தக் கிலோவின் எட்டுத் துண்டும் தலா 60 ரூபாய்க்குப் போனால் வரவு 480, வாங்கலாம். ஆறாவது கிலோவுக்குள் மசாலா அடியில் கருகி எண்ணெய் மாற்ற வேண்டிவரும், செலவு 450. ஆறு துண்டுதான் போகும் என்றால் வரவு 360. ஐந்தோடு நிறுத்துங்கள்.

வாடகையை இதில் சேர்க்காதீர்கள். வறுத்தாலும் வறுக்காவிட்டாலும் அது போகும். இரவில் மீந்த துண்டுக்கு மீன் விலையும் அப்படித்தான், போன காசு. பொரிக்க 10 ரூபாய் ஆனால், 30க்குக் கொடுத்தாலும் வரவே. ஆனால் தினமும் இப்படிக் குறைத்துக் கொடுத்தால், ஆட்கள் அந்த விலைக்காகக் காத்திருந்து இரவு ஒன்பது மணிக்குத்தான் வருவார்கள்.