கல்லுக்குள் எண்ணெய்: விளக்கும்போது சறுக்கும் இடங்கள்

எண்ணெய் வயல் என்றதும் பலர் மனத்தில் ஒரு பாதாள ஏரிதான் வருகிறது. சவூதியின் கவார் வயல் 1948-இல் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 280 கி.மீ. நீளம், 30 கி.மீ. அகலம். அத்தனை பெரிய இடத்திலும் ஏரி எதுவும் கிடையாது. ஈர மணலில் தண்ணீர் நிற்பதுபோல, சுண்ணாம்புப் பாறையின் பொடித் துளைகளில்தான் எண்ணெய் நிற்கிறது. இந்தத் தவறு சீக்கிரம் திருந்திவிடும். மற்றவை அப்படியல்ல.

எண்ணெய் கிடைத்த பாறைதான் அதை உண்டாக்கிய பாறை என்று எழுதிவிடுகிறார்கள். கவாரில் வேலை பிரிந்து கிடக்கிறது. எண்ணெய் பிறந்தது கீழே, துவைக் மலை, ஹனிஃபா என்ற அடுக்குகளில் உள்ள கருத்த சேற்றுச் சுண்ணாம்பில். மேலேறி வந்து தங்கியது அராப்-டி அடுக்கில். தப்பவிடாமல் மூடிபோலப் பிடித்துவைத்தது அதன் தலைமேல் கிடக்கும் அன்ஹைட்ரைட் என்ற இறுகிய கனிமப் பாறை. மூன்றும் ஜுராசிக் காலத்துப் படிவுகள். (ஜுராசிக் என்றதும் டைனோசரை இழுக்க வேண்டாம். எண்ணெய்க்கு மூலம் கடலில் மிதந்த பாசியும் நுண்ணுயிரும்தான்.)

அப்புறம் உப்பு. இதுவும் எண்ணெயை மேலே தப்பவிடாத மூடிதான். "பழைய கடல் ஒன்று வற்றியது, உப்பு படிந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கணக்குப் போட்டால் இடிக்கும். 1,000 மீட்டர் ஆழக் கடல்நீர் முழுக்க வற்றினாலும் மிஞ்சும் உப்பு ஏறக்குறைய 15 மீட்டர்தான். பிரேசிலின் சாண்டோஸ் படுகையிலோ சில இடங்களில் உப்பு 2,000 மீட்டர் அளவுக்குத் தடித்திருக்கிறது. அப்படியென்றால் நீர் ஆவியாக ஆவியாகப் புதுக் கடல்நீர் உள்ளே வந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. பாத்திக்கு நீர் பாய்ச்சிக்கொண்டே இருந்தால்தான் உப்பு தேறும். அங்கே இன்னொன்றையும் பார்க்கலாம். கடல்நீர் மூன்று நான்கு மடங்கு சுண்டியதுமே ஜிப்சம் படிந்துவிடும். சாப்பாட்டு உப்பு படியப் பத்து மடங்குக்கு மேல் சுண்ட வேண்டும். ஜிப்சம் ஆழத்தில் புதைந்து சூடேறினால் தன்னிடமுள்ள நீரை இழந்து அன்ஹைட்ரைட் ஆகிவிடும். மூடி தேடுபவருக்கு உப்பும் சரி, அன்ஹைட்ரைட்டும் சரி, இரண்டுமே தங்கம்.

அதற்காக, உப்பு இல்லாவிட்டால் எண்ணெய் இல்லை என்றும் முடிவுகட்டக் கூடாது. மும்பைக்கு அப்பால் கடலில் 1974-இல் எண்ணெய் கண்ட பாம்பே ஹை வயலிலும் தேக்கம், அதாவது எண்ணெய் தங்கியிருக்கும் பாறை, சுண்ணாம்புப் பாறைதான். மேலே மூடியிருப்பது களிப்பாறை. கார்பனேட் பாறை (சுண்ணாம்பு, டோலமைட் வகை) என்றாலே கடலில் படிந்தது என்பதும் தவறு. சாண்டோஸ் படுகையில் 2006-இல் கண்டுபிடிக்கப்பட்ட டுபி வயலின் தேக்கப்பாறை, அட்லாண்டிக் திறந்துகொண்டிருந்த காலத்து ஏரிகளில் படிந்த சுண்ணாம்பு.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு துளை நிறைய இருந்தால் எண்ணெய் தாராளமாக வரும் என்று நம்புவது. மணற்பாறையில் இந்த நம்பிக்கை ஓரளவு செல்லும். சுண்ணாம்பில் செல்லாது, ஏனென்றால் அது நீரில் கரையும், மறுபடி படியும். சிப்பிகள் கரைந்துபோன பாறையில் குழிகள் ஏராளமாக இருக்கும். ஒன்றுக்கொன்று வழி இருக்காது. கதவில்லாத அறைகள் மாதிரி. துளை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எண்ணெய் ஓடுமா என்பது வேறு கேள்வி.

டோலமைட்டிலும் இதே குழப்பம்தான். சுண்ணாம்பில் கால்சியத்தின் பாதி இடத்தை மக்னீசியம் பிடித்துக்கொண்டால் அது டோலமைட் ஆகும்; அப்போது கனிமத்தின் பருமன் 12–13 சதவீதம் சுருங்கும், அதனால் துளை கூடும் என்று பாடத்தில் படிக்கிறோம். வெளியிலிருந்து புதிதாகக் கார்பனேட் வந்து சேராதவரைதான் அந்தக் கணக்கு. வந்து சேர்ந்தால் இருந்த துளையும் அடைபடும். அராப்-டியிலேயே இறுகிப்போன டோலமைட்டும் உண்டு, எண்ணெய் பாய்ந்து வரும் டோலமைட்டும் உண்டு. சில கிணறுகளில் சில அடி தடிமனே உள்ள அடுக்கு ஒன்றின் வழியாகத்தான் பெரும்பகுதி எண்ணெய் வருகிறது. பொறியாளர்கள் அதை சூப்பர்-கே என்பார்கள் (கே என்பது பாறை தன் வழியே திரவத்தை ஓடவிடும் தன்மைக்கான குறி). முதலில் கொண்டாட்டம்தான். எண்ணெயைத் தள்ள வயலுக்குள் செலுத்தும் கடல்நீரும் அதே சந்தில் முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்து நிற்கும்போதுதான் தலைவலி.